சக்கரத்தை நிமிர்த்திய தங்கையா

பந்தலூருக்கு மேலே கருங்கல்மட்டம் எஸ்டேட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், ஃபேக்டரி மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் தங்கையாவைப் பற்றி இரண்டு சங்கதி சொல்வார்கள். அந்த மனுசனுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது என்பது ஒன்று. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது என்பது இன்னொன்று. போன வருஷம் சித்திரை வரைக்கும் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது கேட்டால், "எந்தத் தங்கையா, அந்த மடையனா?" என்கிறார்கள்.

மடையன் இல்லை அவர். மடையனாக இருந்திருந்தால் இதில் வயிறெரிய ஒன்றுமே இல்லை.

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவர். எட்டு வயதில், இந்தியாக்காரன் இந்தியாவுக்கே போ என்று கப்பலேற்றிய கூட்டத்தோடு அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திறங்கினார். மண்டபம் முகாமில் மூன்றே நாள் பேதியில் தாய் போய்ச் சேர்ந்தாள். மிச்சமிருந்த அப்பனும் மகனும் இந்த மலைக்கு வந்தால், இங்கே உள்ளவர்கள் 'சிலோன்காரன்' என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். போகட்டும், பேர் என்னவாக இருந்தால் என்ன, லயத்தில் ஓர் அறை கிடைத்தது.

பதினைந்து வயதில், ஃபேக்டரியில் இலையை உருட்டிக் கசக்குகிற ரோலருக்கு அடியில் ஒரு போல்ட் விழுந்துவிட்டது. பையன் ஒல்லியாக இருக்கிறான் என்று அவரை உள்ளே நுழைய விட்டார்கள். வெளியே வரும்போது கையில் போல்ட்டும், வாயில் அந்த ரோலர் ஆறு மாதமாக ஏன் முனகுகிறது என்பதற்கான காரணமும் இருந்தது. அன்றைக்குப் பிட்டருக்குக் கையாளாக வந்தவர், நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் வேறு வேலைக்குப் போகவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கோயம்புத்தூரிலிருந்து இலை காயவைக்கிற டிரையரைப் பார்க்க இஞ்சினியர்கள் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர்கள் திணறித் தீர்ந்த பிறகு, இரண்டு நிமிஷத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, "படிப்பு இருக்கு, கண்ணு இல்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். அதோடு விடமாட்டார். ஏன், எதற்கு, எப்படி என்று அரை மணி நேரம் விளக்குவார். கேட்கிறவன் தலையாட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூட வேலை செய்த லிங்கசாமியை முப்பது வருஷமாக 'மரமண்டை' என்றுதான் கூப்பிட்டார். லிங்கசாமி அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

இந்த எஸ்டேட்டில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் குடும்பத்தில் ஒரு பேர் இருக்கிற வரைக்கும்தான் லயத்தில் இருக்கலாம். தங்கையாவின் பெண்சாதி சுப்பம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்து, முட்டி தேய்ந்து, பேரை வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே மகள் வனிதா நான்கு வருஷமாகத் தற்காலிகக் கூலி. தற்காலிகப் பேர் கணக்கில் வராது. ஆனி மாதம் தங்கையாவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு வருகிறது. அதற்குள் வனிதாவின் பேர் பெர்மனென்ட் ஆகாவிட்டால், மூன்று பேரும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டியதுதான். போவதற்கு வேறு ஊரும் இல்லை. பிறந்த ஊரும் போய்விட்டது, வந்த ஊரும் ஏற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எஸ்டேட் கை மாறியது. கோயம்புத்தூரில் மில் வைத்திருப்பவர் வாங்கினார். மருமகன் கீர்த்திவாசனை மேனேஜராக அனுப்பினார். கீர்த்திவாசன் தங்கமான பேச்சுக்காரர். கூட்டுகிறவளைக்கூட 'வாங்க போங்க' என்பார். ஆளை வேலையைவிட்டு நிறுத்தும்போதும் 'போயிட்டு வாங்க' என்றே சொல்வார். ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதைக் கண்டு முதலில் எல்லாரும் மயங்கித்தான் போனார்கள்.

அவருக்குத் தேயிலையில் அக்கறை இல்லை. பழைய பங்களாவை விருந்தாளிகள் தங்குகிற இடமாக்க வேண்டும், சித்திரையில் திறப்பு விழா. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஏழாம் நம்பர் காட்டின் ஓரத்தில் உண்ணிச்செடியை வெட்டினார்கள். வெட்டுகிற கத்தி இரும்பில் பட்டு நங்கென்றது. செடியைக் கழித்துப் பார்த்தால், நான்கு சக்கரத்தில் ஒரு வண்டி மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது.

தங்கையாவைக் கூப்பிட்டார்கள். அவர் மூன்று முறை சுற்றி வந்தார். முன்னால் சின்னச் சக்கரம் இரண்டு, பின்னால் பெரிய சக்கரம் இரண்டு. நடுவில் வயிற்றுக்கு அடியில் ஓர் ஆள் நீளத்துக்கும் கூடுதலாக ஒரு பிளேடு, முறம் மாதிரி உள்வளைந்து, வண்டிக்குக் குறுக்கே சாய்வாக நின்றது. பின்னால் ஓர் ஆள் நிற்க இரும்புத் தட்டு. தட்டுக்கு முன்னால் இரண்டு கைச்சக்கரம். ஒன்றைச் சுற்றினால் பிளேடின் வலது முனை ஏறி இறங்கும், மற்றதைச் சுற்றினால் இடது முனை. குதிரை பூட்டுகிற மரம் உளுத்துப் போய், அதன் இரும்புக் காப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

"ரோடு மட்டம் பண்ற வண்டிங்க தொரை. குதிரை இழுத்திருக்கு. இப்ப ஜேசிபி காரன் கிரேடர்னு வச்சிருக்கான்ல, அதோட பாட்டன்" என்றார் தங்கையா.

கீர்த்திவாசனுக்குக் கண் விரிந்தது. "ஓட வெக்க முடியுமுங்களா?"

"முடியுமாவா? நான் ஓட்டிக் காட்டுறேங்க."

"அப்படீன்னா திறப்பு விழாவுக்கு இதுதானுங்க ஐட்டம். ரெண்டு குதிரைய ஊட்டியிலிருந்து கூட்டியாந்தர்லாம். நீங்க இத முடிச்சுக் குடுங்க, வனிதா பேர நான் பெர்மனென்ட் லிஸ்ட்டுல எழுதறனுங்க. என்ற வார்த்தை."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் தங்கையா நினைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் சுப்பம்மாவிடம், "வீடு நம்மளுக்குத்தான். படுத்துத் தூங்கு" என்றார்.

மூன்று மாதம் அந்த வண்டியோடேயே கிடந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒவ்வொரு போல்ட்டாக அசைத்துக் கழற்றினார். பிளேடைத் திருப்புகிற வட்டத் தட்டு மட்டும் இறுகிப் போய் மசியவில்லை. பிளேடு ஒரே பக்கமாக, மண்ணை வலது பக்கம் ஒதுக்கித் தள்ளும் சாய்விலேயே நின்றது. அதை அப்படியே விட்டார். அவரை மலைக்க வைத்தது பின் சக்கரங்கள்தான். இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அச்சு வளைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். துருவைச் சுரண்டியபோது பல்சக்கரமும் கம்பியும் தெரிந்தன. சாய்ப்பதற்கென்றே செய்திருக்கிறான். வேலைமெனக்கெட்டு எவனாவது சக்கரத்தைக் கோணலாக்குவானா? ஒரு நாள் பூரா அதன் முன்னால் குந்தியிருந்து பார்த்தார். சாயங்காலம் விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தார்.

பிளேடு குறுக்குச் சாய்வாக நிற்கிறது. மண்ணை வலது பக்கம் தள்ளும்போது மண் சும்மா இருக்குமா, அதுவும் வண்டியை இடது பக்கம் தள்ளும். சக்கரம் நேராக நின்றால் வண்டி அப்படியே பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடும். சக்கரத்தைச் சாய்த்தால், சரிவில் நிற்கிறவன் மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்த்துக் காலை ஊன்றுகிற மாதிரி, அது மண்ணைக் கடித்துக்கொண்டு தாங்கும். எஞ்சின் இல்லாத காலத்தில், இரண்டு குதிரையை நம்பி ஒருத்தன் இத்தனை யோசித்திருக்கிறான்.

அதிசயம் என்னவென்றால் இதைத் தங்கையா யாரிடமும் சொல்லவில்லை. சுப்பம்மாவிடமும் இல்லை, வனிதாவிடமும் இல்லை. விழா அன்றைக்குக் கோயம்புத்தூர் பெங்களூர் பெரிய மனுசர்கள் முன்னால் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்க வேண்டும் என்று ஆசை. வாழ்நாளிலேயே முதல் தடவையாக வாயைக் கட்டி வைத்தார். அந்த ஒரு தடவையைத்தான் விதி பார்த்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீர்த்திவாசன் ஷெட்டுக்கு வந்தார். வண்டி பச்சைச் சாயம் அடித்துப் பளபளவென்று நின்றது. சுற்றிப் பார்த்தவர் பின்னால் வந்ததும் நின்றார்.

"ஏனுங்க தங்கையா, சக்கரம் கோணலா நிக்குதுங்களே."

தங்கையா சொன்னார். வேறு வழியில்லாமல், விழாவுக்கு என்று சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னார். தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். கீர்த்திவாசன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

"சரிதானுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க. ஆனா எங்க மாமா வாஸ்து பாக்கறவருங்க. பங்களா வாசல்ல நிறுத்தற வண்டி கோணக்கால்ல நிக்கக் கூடாதுன்னுட்டாரு. நேரா பண்ணி வெல்டு வெச்சிருங்க."

"தொரை, வெல்டு வச்சா அப்புறம் அது வண்டியே இல்லைங்க."

"போட்டோவுல நேரா தெரியோணுமுங்க. அவ்வளவுதான்." பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே சொன்னார். "வனிதா பேரு லிஸ்ட்டுல மேல இருக்குதுங்க. நானே என்ற கைல எழுதுனது. அந்தப் பேர என்னையே அடிக்க வெச்சராதீங்க."

இதே வார்த்தையை வேறொருத்தன் அதட்டிச் சொல்லியிருந்தால் தங்கையா ஸ்பேனரை எறிந்துவிட்டுப் போயிருப்பார். அப்படி இரண்டு மேனேஜரிடம் எறிந்தும் இருக்கிறார். ஆனால் இப்போது வீடு இருக்கிறது, மகள் இருக்கிறாள், இரண்டு மாதத்தில் ஆனி இருக்கிறது. காய்ச்சி, நிமிர்த்தி, வெல்டு வைத்துவிட்டார். சக்கரம் இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன.

விழா வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லாரும் கொழுந்து நிறுவைக்குப் போன நேரத்தில், ஷெட்டுக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சில்வர் ஓக் மரத்தில், பாரம் இழுக்கிற செயின் பிளாக்கைக் கட்டி, வண்டியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிளேடு மேலே இருக்கும்போது ஒழுங்காக வந்தது. நான்கு விரல் ஆழம் மண்ணில் இறக்கினார். பத்தடி வருவதற்குள் பின்பக்கம் ஒரு முழம் இடது பக்கம் தள்ளிப் போனது. காய்ந்த சமதரையிலேயே இப்படி. தங்கையா பிளேடைத் தூக்கி, தடத்தைக் காலால் அழித்துவிட்டு, வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பிளேடை இறக்காமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யாருக்குத் தெரியப் போகிறது, ஐம்பதடி ஓடி நின்றால் போட்டோ எடுத்துக்கொண்டு சோறு தின்னப் போய்விடுவார்கள். பிறகு வெல்டைச் சாவகாசமாக வெட்டி எடுத்துவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் எத்தனை காரியத்தில் இறங்கியிருக்கிறோம்.

வியாழக்கிழமை காலையில் ஊட்டியிலிருந்து கொர்னேலியஸ் இரண்டு குதிரைகளோடு வந்தான். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றுகிற குதிரைகள். தட்டில் ஏறி நிற்கத் தங்கையா புதுக் காக்கிச் சட்டை போட்டு வந்திருந்தார். கீர்த்திவாசன் அவர் தோளைத் தொட்டு, "நீங்க கீழ நில்லுங்க. வயசான ஆளு நின்னா போட்டோ எடுபடாதுங்க. வனிதா நிக்கட்டும், கொழுந்துக் கூடையோட" என்றார்.

தங்கையா, "புள்ளைக்குப் பழக்கமில்லைங்க தொரை" என்றார்.

"நீங்கதான் பக்கத்துல இருக்கறீங்கள்ல."

வனிதாவுக்குச் சந்தோஷம். இருபத்தாறு வயதுப் பெண், நான்கு வருஷம் அட்டை கடித்த காலோடு மழையில் நின்றவள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புதுப் புடவை கட்டி, பூ வைத்து, மேனேஜரே வந்து பேசுகிறார். தட்டில் ஏறி நின்று கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மில்காரர் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். முந்தின நாள் ராத்திரி பெய்த மழையில் பாதை ஊறியிருந்தது. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் கல் பதித்த வாய்க்கால், அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. எதிர்த்திசையில் ஓட்டினால் மேடு இடப்பக்கம் வரும், வண்டி வழுக்கினாலும் மேட்டில்தான் போய் முட்டும். பங்களா பின்னால் தெரிய வேண்டும் என்று கேமராக்காரன் இந்தப் பக்கமாகத்தான் வரச் சொன்னான். தங்கையா இதையும் பார்த்தார். பிளேடு மேலேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

வண்டி ஐம்பதடி ஓடியது. நான்கு பேர் கை தட்டினார்கள். குடை பிடித்து நின்ற ஓர் அம்மாள், "இவ்வளவுதானா? மண்ணை ஒண்ணும் பண்ணலையே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மில்காரர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

கீர்த்திவாசன் தங்கையா பக்கத்தில் வந்து, சிரித்த முகம் மாறாமல், "பிளேடை எறக்கச் சொல்லுங்க" என்றார்.

"வேணாங்க தொரை. ஈர மண்ணு."

"லிஸ்ட்டு இன்னைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் போகுதுங்க தங்கையா."

வனிதா தட்டின் மேல் நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. தங்கையா வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, இறக்கு என்று காட்டினார். அவள் கைச்சக்கரத்தைச் சுற்றினாள். கொர்னேலியஸ் குதிரையைத் தட்டினான். மண் அழகாகச் சுருண்டு மேட்டுப் பக்கம் உருண்டது. கூட்டம் இப்போது உண்மையாகவே கை தட்டியது. அந்தக் கைதட்டல் முடிவதற்குள் வண்டியின் பின்பக்கம் இடது பக்கம் வழுக்கி, வாய்க்காலில் இறங்கி, சாய்ந்து, சரிவில் விழுந்தது. முன்னால் போன குதிரைகளையும் இழுத்துக்கொண்டே விழுந்தது.

ஒரு குதிரைக்கு முன்னங்கால் ஒடிந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. அது போட்ட சத்தம் மேல் டிவிஷன் வரைக்கும் கேட்டதாம். வனிதா சத்தமே போடவில்லை. அதனால் எல்லாரும் முதலில் ஓடியது குதிரையிடம்தான். குடைக்கார அம்மாள் அழுதுகொண்டே தன் சால்வையை எடுத்து அதன் மேல் போர்த்தினாள். எஸ்டேட்டில் இருந்தது ஒரே ஜீப். கால்நடை டாக்டரைக் கூட்டிவர அது பறந்துவிட்டது. தேயிலைச் செடிக்குள், வண்டியின் சட்டத்துக்கு அடியில், முழங்காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்த பெண்ணைக் கொழுந்தெடுக்கிறவர்கள்தான் கடப்பாரை போட்டு வெளியே எடுத்தார்கள். தங்கையா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரிதானப்பா சுத்தினேன்" என்றாள் வனிதா. தப்பு தன்னுடையதோ என்று அவளுக்குப் பயம்.

நாற்பது நிமிஷம் கழித்து ஜீப் வந்தது. டாக்டர் இறங்கி, குதிரைக்கு ஊசி போட்டு அதன் கதையை முடித்தார். பிறகுதான் வனிதாவை ஏற்றினார்கள். கூடலூர் போய், அங்கிருந்து மலையிறங்கி, கோயம்புத்தூரில் சேர்த்தபோது காலில் உயிரில்லை. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

கீர்த்திவாசன் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பை ஒன்றோடு வந்தார். சுப்பம்மாவிடம் கண் கலங்கப் பேசினார். தங்கையாவை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "விசாரணை வருமுங்க. பொண்ணு பேரு லிஸ்ட்டுல அப்படியேதான் இருக்குது. பாத்து சொல்லுங்க" என்றார்.

தங்கையா மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். வீடு போனால் மசிரே போச்சு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. நேராக்கச் சொன்னது இவன், வெல்டு வைக்கச் சொன்னது இவன், பிளேடை இறக்கச் சொன்னது இவன். விசாரணை அன்றைக்கு எஸ்டேட் ஆபீசுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் சொல்லியிருந்தால் அந்த மேனேஜர் தப்பியிருக்க முடியாது.

வனிதாவையும் நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். வண்டியின் வெல்டையும் பல்சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்த விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "அந்தச் சக்கரம் சாய்ஞ்சுதான் நிக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தங்கையா வாயைத் திறப்பதற்குள் வனிதா முந்திக்கொண்டாள். "எப்பிடிங்க சார் தெரியும்? எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை அது மேல ஏத்தியிருப்பாரா?"

அறையில் எல்லாரும் தங்கையாவைப் பார்த்தார்கள். கீர்த்திவாசன்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் சந்தேகம் ஒரு துளி இல்லை. மேனேஜரை மாட்டிவிட ஒரே வழி, தெரியும் என்பது. தெரியும் என்றால், தெரிந்துகொண்டே கையைக் காட்டினேன் என்பதும் அதில் வந்துவிடும்.

"தெரியாதுங்க" என்றார் தங்கையா.

அதிகாரி எழுதினார். தொழிலாளி தன் அறியாமையால் சக்கரத்தின் அமைப்பை மாற்றினார் என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். வீட்டுக்குப் போகும்போது வனிதா, "விடுங்கப்பா. தெரியாமப் பண்ணதுக்கு யாரு என்ன செய்ய முடியும்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஊர் சும்மா இருக்குமா? முப்பது வருஷம் மரமண்டை என்று கேட்ட லிங்கசாமி டீக்கடையில் எல்லார் முன்னாலும், "என்ன தங்கையா, படிப்பும் இல்ல, கண்ணும் இல்லையா?" என்று கேட்டான். தங்கையா டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஃபேக்டரியில் ரோலர் முனகியது, என்ன என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனியில் ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். பேசாத மனுசனாகிப் போனார். வனிதாவைப் பெண் கேட்டு வந்திருந்த தேவாலாக் குடும்பம் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. யாராவது அப்பாவைக் கேவலமாகப் பேசினால் மட்டும் அவள் விடமாட்டாள். தெரிஞ்சிருந்தா ஏத்தியிருப்பாரா என்று அதே வார்த்தையைச் சொல்லி அடக்குவாள். தங்கையாவுக்கு, உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்பதைவிட லிங்கசாமியிடம் நூறு பேச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கீர்த்திவாசன் வார்த்தை தவறவில்லை. வனிதாவின் பேர் பெர்மனென்ட் ஆகிவிட்டது, வீடும் நின்றது. ஒற்றைக் காலோடு கொழுந்தெடுக்க முடியாதே என்று வேறு வேலை கொடுத்தார். விருந்தாளிகளில் ஒரு வெள்ளைக்காரர், சாய்ந்த சக்கரம்தான் இந்த மாதிரி வண்டியின் விசேஷமே என்று சொல்லிவிட்டுப் போனாராம். உடனே தங்கையாவைக் கூப்பிட்டு வெல்டை வெட்டச் சொல்லி, சக்கரத்தைப் பழையபடி சாய்த்து, வண்டியைப் பங்களா வாசலிலேயே நிறுத்தினார்கள். வாஸ்து என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் வனிதா உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வண்டியைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். விபத்தையும் சொல்லச் சொல்லியிருந்தார் கீர்த்திவாசன். ஜனங்க விரும்பிக் கேப்பாங்க என்றார்.

வேலைக்குப் போகிற முதல் நாள் காலையில், வனிதா நோட்டும் பேனாவுமாக அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள். சுப்பம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மேனேஜர் குடுத்த பேப்பர் பூரா இங்கிலீஷா இருக்குப்பா. அந்தச் சக்கரம் ஏன் சாஞ்சி நிக்குது? இப்பவாச்சும் தெரிஞ்சிக்கிட்டீங்களா?"

பத்து மாதமாக யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. தங்கையா முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தார். பிறகு எழுந்து போய் ஒரு தட்டில் மாவைக் குவித்துக்கொண்டு, வெட்டுக்கத்தியை எடுத்து வந்தார். கத்தியைச் சாய்வாகப் பிடித்து மாவைத் தள்ளிக் காட்டினார். "இந்தா பாரு புள்ள, மாவு இந்தப் பக்கம் போவுது. அப்ப கத்தி எந்தப் பக்கம் போவப் பாக்குது? ஆ, அதேதான். அப்ப அதைத் தாங்க ஒரு ஆளு வேணும்ல, அந்த ஆளுதான் சக்கரம்." குரல் பழையபடி ஏறிவிட்டது. முகம் மலர்ந்துவிட்டது. வனிதா விறுவிறுவென்று எழுதினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"நேரா நின்னா தாங்கவே தாங்காது புள்ள. காஞ்ச மண்ணுலயே தாங்கல. செயின் பிளாக்குல கட்டி இழுத்தேன், நாலு வெரல்தான் எறக்கினேன், பத்தடிக்குள்ள ஒரு முழம் தள்ளிக்கிட்டுப் போச்சி."

வனிதாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்து, நின்றது.

"எப்ப இழுத்தீங்க?"

தங்கையா கத்தியைத் தட்டில் வைத்தார்.

"எப்பப்பா?"

"செவ்வாக்கிழம" என்றார். பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றுவதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அடுப்படியில் மாவு பிசைகிற சத்தம் நின்றுபோனது. வனிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள், நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவாள் என்று தங்கையா காத்திருந்தார். அப்படி ஏதாவது செய்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அவள் பாவாடையை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடிக்கொண்டாள். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"சரி, மீதியச் சொல்லுங்க. ஒம்பது மணிக்கு கெஸ்ட் வாராங்க" என்றாள்.

தங்கையா மீதியைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.